ராய்ஸ் டாக்கெட்டுக்கு நான்கு படி

மேவிஸ் ஹோல்கம்பை யாரும் பார்ப்பதில்லை; அவளுக்கு முன்னால் நிற்பவர்களைத்தான் பார்ப்பார்கள். பாட்டுக்குப் பேர்போன அமெரிக்க நகரமான நாஷ்வில்லில் பேஸ் கிட்டார் வாசிப்பவளுக்கு அதுதான் தலையெழுத்து. தப்பாக வாசித்தால் மட்டும், "யார் அந்தப் பொம்பளை?" என்று கேட்பார்கள். மலைப்பக்கத்துத் தேவாலயத்தில், தன்னைவிட உயரமான வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கியவள் அவள். இரண்டு கணவன்மார் வந்தார்கள், போனார்கள். நிலைத்தது பாடகர் ராய்ஸ் டாக்கெட்டின் முதுகு ஒன்றுதான். பாதி ஆயுளை அந்த முதுகைப் பார்த்தே வாசித்துக் கழித்திருக்கிறாள். ஊர் கதை கட்டியது. கட்டட்டும், அப்படி ஒன்றும் கிடையாது.

வயதான காலத்தில் ராய்ஸும் இன்னும் மூன்று பெரிய பாடகர்களும் ஒரே குழுவாகச் சேர்ந்தார்கள். நான்கு கிழட்டுச் சிங்கங்களை ஒரு கூண்டில் அடைத்த மாதிரிதான் அது. அவர்களில் தலைமை டெல்பர்ட் ஃபின்ச். அந்தக் கோடையில் டல்ஸா நகர மேடையில் ராய்ஸ் ஒரே சரணத்தை இரண்டு முறை பாடிவிட்டார். அதற்குப் பிறகுதான், நாஷ்வில் கச்சேரியன்று, டெல்பர்ட் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு ரேடியோவுல நேரடியா போகுது. இன்னைக்கும் அவன் தடுமாறினா, குழுவை விட்டு விலகச் சொல்லிடணும். நீதான் சொல்லணும்."

"நான் யாருங்க? கூலிக்கு வாசிக்கிறவ."

"வேற யார் சொன்னாலும் மூஞ்சில குத்துவான். உன்னைக் குத்த மாட்டான்."

மேவிஸ் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மதியம், நால்வரும் சரணத்துக்கு ஒருவராகப் பாடும் ரயில் பாட்டின் ஒத்திகைக்கு ராய்ஸ் வரவே இல்லை. "அந்த ரயில் பாட்டுக்கு ஒத்திகையா? மாட்டுக்குப் புல் மேயச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டுக் குழுவின் பேருந்திலேயே படுத்துவிட்டார்.

அந்த ஊர் வாத்தியக்காரர்கள் சுரம் எழுதிக்கொள்வதில்லை. எண்கள்தான். பாட்டின் தாய்வீடான சுரத்துக்கு எண் ஒன்று. அங்கிருந்து நான்குக்கும் ஐந்துக்கும் போய்த் திரும்புவார்கள். மேடையில் தலைவர் முதுகுக்குப் பின்னால் எத்தனை விரல் காட்டுகிறாரோ, எல்லாரும் அந்த எண்ணுக்குப் போய்விடுவார்கள்.

"கடைசி சரணத்துக்கு முன்னாடி நீ நாலு சுரம் படி ஏறுற மாதிரி வாசிப்பியே, அதை விட்டுடு. ஒண்ணுலேயே நில்லு. ராய்ஸோட குரல் தனியா வந்து விழட்டும்" என்றார் டெல்பர்ட்.

நல்ல யோசனைதான். மேவிஸ் தலையாட்டினாள்.

அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. அந்தப் பாட்டைத் தொட்டிலில் கேட்டு வளர்ந்த ஊர். முதல் மூன்று சரணங்களை மூன்று பேர் பாடினார்கள். கடைசி சரணம், ரயில் திரும்பி வராத சரணம், ராய்ஸுடையது.

டெல்பர்ட்டின் முதுகுக்குப் பின்னால் ஒரு விரல். மேவிஸ் ஒன்றில் நின்றாள். ராய்ஸ் வாயைத் திறக்கவில்லை.

பாடுகிறவர் வரும்வரை ஒன்றையே சுற்றி வர வேண்டும் என்பது முறை. சுற்றினார்கள். மறுபடியும் சுற்றினார்கள். இதுவும் ஒரு நயம் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. டிரம்ஸ்காரர் மேவிஸைப் பார்த்தார்.  பாடுங்க பெரியவரே, என்னை அந்த வார்த்தையைச் சொல்ல வைக்காதீங்க என்று அவள் மனசு கெஞ்சியது.

ராய்ஸ் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். இருட்டில் வாசற்படியைக் காலால் துழாவுகிறவரின் பார்வை அது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷன் ஒருநாளும் தாளத்தை எண்ணி ஆரம்பித்ததில்லை. இத்தனை வருஷமும் அவள் போட்ட நான்கு படியில் கால் வைத்துத்தான் ஏறியிருக்கிறார். அந்தப் படியை அவள் கையாலேயே இன்று எடுத்துவிட்டாள்.

டெல்பர்ட் ராய்ஸின் மைக்கை நோக்கி நகர்ந்தார். பின்னால் இன்னும் அதே ஒற்றை விரல். அந்தச் சரணத்தை டெல்பர்ட்டே பாடிவிட்டால் ராய்ஸின் கதை முடிந்தது. நேரடிக் கச்சேரியில் தலைவரின் விரலை மீறினால் மேவிஸின் பிழைப்பும் முடிந்தது.

நாசமாய்ப் போகட்டும் விரல். அவள் ஏறினாள். ஒவ்வொரு சுரமாக, அழுத்தி, நான்கு படி.

கடைசிப் படியில் ராய்ஸின் குரல் வந்தது. கரகரப்பும் பிசிறுமாக வந்தது. ஆனால் ஒரு வார்த்தை பிசகவில்லை. டெல்பர்ட் பாதி வழியில் நின்று தொப்பியைக் கழற்றினார். மேவிஸுக்குக் கண் நிறைந்து, தந்திகள் தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் ராய்ஸ் எல்லார் முன்னிலையிலும் அவளைப் பிடித்துக்கொண்டார். "என்ன மேவிஸ், கோழித் தூக்கமா? நடுரோட்டுல நிறுத்திட்டியே என்னை!"

எல்லாரும் சிரித்தார்கள். படியை விடச் சொன்ன டெல்பர்ட் மட்டும் சிரிக்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"ஆமாங்க, கண்ணசந்துட்டேன். தப்பு என்னோடதுதான்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள்.

பொய் என்று தெரிந்தும் டெல்பர்ட், "அடுத்த கச்சேரி டல்லாஸ்ல, அங்கயாவது முழிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்கள் கலைந்ததும் ராய்ஸ் குரலைத் தாழ்த்தினார். "நீ தூங்கலை."

அவள் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"உள்ள ஒண்ணுமே இல்ல மகளே. தொடச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. நீ ஏறின பிறகுதான் பாட்டு வந்துச்சு. டல்லாஸுக்கு நான் வரலை. டெல்பர்ட்கிட்ட நானே சொல்லிடறேன்."

"இனிமே ஒவ்வொரு சரணத்துக்கும் ஏறுறேன். வாங்க."

"எத்தனை நாளைக்குத்தான் என்னைச் சுமப்பே?" ராய்ஸ் அவளுடைய கிட்டார் பெட்டியை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அதற்கு முன் அவர் அதைத் தொட்டதுகூட இல்லை. "ஒண்ணு மட்டும் செய். அந்தப் படியை வேற எவனுக்கும் வாசிக்காதே."

"வாசிப்பேன். என் வீட்டு அடுப்பு எரியணும்ல."

ராய்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். மேவிஸும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெட்டியைச் சுமந்துகொண்டு அவர் முன்னால் நடக்க, அவள் அந்த முதுகைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள்.