லிஃப்டில் கீர்த்தனா ஒட்டிய நோட்டீஸ்

சோஷியாலஜி எடுக்கிற பிள்ளைகளின் அப்பாக்கள் முதல் நாளே என்னைத் தேடி வந்துவிடுவார்கள். ஐதராபாத் கொண்டாப்பூரில் ஒரு பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு அந்தப் பாடம் நடத்திய காலம் முழுக்க இதே கூத்துதான். கீர்த்தனாவின் அப்பா கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி.யில் பெரிய வேலை. "ஏனுங்க மிஸ், இதப் படிச்சு என்னங்க பண்றது? புராஜெக்ட்டுல நல்ல மார்க் வரலீன்னா காமர்ஸுக்கு மாத்திருவேன், பாத்துக்குங்க" என்றார். பக்கத்தில் நின்ற மகளுக்கு முகம் செத்துப்போனது.

தியரியை எல்லோரும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ரிசர்ச் மெத்தட்ஸில்தான் குட்டு வெளிப்படும். புராஜெக்ட்டுக்கு அவள் எடுத்தது தன் அபார்ட்மெண்ட் லிஃப்டை. அங்கே வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் பின்பக்கத்து சர்வீஸ் லிஃப்டில்தான் போவார்கள். அது பாதி நாள் ஓடாது, படியேற வேண்டியதுதான். எங்கும் எழுதி வைக்காத சட்டம். கொஸ்டினேர் கொடுத்துக் கேட்டாள். "எங்ககிட்ட அந்த பேதமெல்லாம் கிடையாதும்மா" என்று வீட்டுக்கு வீடு ஒரே பதில்.

சரி, நேரில் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். ஒளிந்திருந்து கவனிப்பது எதிக்ஸ் இல்லை என்று வகுப்பில் கத்தியவள் நான். பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மெயின் லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினாள்: 'பள்ளி ஆய்வுக்காக, இந்த லிஃப்டில் யார் ஏறுகிறார்கள் என்று தினமும் காலையில் லாபியில் உட்கார்ந்து கவனிக்கிறேன். யார் பெயரும் எழுத மாட்டேன்.' தெலுங்கிலும் எழுதியிருந்தாள்.

வந்தது வினை! மறுநாளே அத்தனை பேரும் தர்மப்பிரபு ஆகிவிட்டார்கள். வேலைக்கு வந்த பெண்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார்கள். வாரம் பூராவும் இதே நாடகம்.

"மிஸ், டேட்டா மொத்தமா போச்சு. எல்லாரும் நடிக்கிறாங்க. எங்கம்மாவும்தான். அப்பா என்னை காமர்ஸ்ல தள்ளிருவாரு" என்று அழுதாள்.

"நக்கோ மா, அழாதே. என்ன நடந்துச்சோ அத அப்படியே எழுது" என்றேன். தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத் எங்களுக்கு. பாசம் வந்தால் 'வேண்டாம்' என்பதற்கு எங்கள் ஊர் உருதுவின் நக்கோதான் வாயில் வரும்.

எழுதினாள், தன் வீட்டு நடிப்பையும் விடாமல். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஆட்கள் மாறுவார்கள் என்பது புத்தகத்தில் ஒரே வரி. அதை இவ்வளவு நேர்மையாக எழுதிய இன்னொரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் முழு மார்க் போட்டார். அவள் அப்பா அப்புறம் காமர்ஸ் பேச்சையே எடுக்கவில்லை.

மார்க் வந்ததும் நோட்டீஸைக் கிழிக்கப் போயிருக்கிறாள். எட்டாவது மாடியில் வேலை செய்யும் லட்சுமம்மா கையைப் பிடித்துக்கொண்டாராம். "தீயொத்து பாப்பா!" எடுத்துவிடாதே, அது இருப்பதால்தான் எங்களை ஏற விடுகிறார்கள் என்று தெலுங்கில் கெஞ்சியிருக்கிறார்.

"ஆய்வு முடிஞ்சும் நோட்டீஸ் இருந்தா அது பொய் இல்லீங்களா மிஸ்?" என்று என்னிடம் வந்து கேட்டாள். இத்தனை வருஷம் எதிக்ஸ் நடத்திய நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது காலேஜ் மாணவி. காலையில் காபி டம்ளரோடு லாபி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். தினமும் உட்காருகிறாளாம். மெயின் லிஃப்டில் லட்சுமம்மாவும் நானும் சேர்ந்துதான் ஏறினோம். நோட்டீஸ் அப்படியே இருந்தது. 'பள்ளி' என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்திருந்தாள்.