தேன்குழல் ஏறிய மலை

எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாளே காரைக்குடியிலிருந்து பிரான்மலைக்கு அந்தப் பக்கம் வரை சைக்கிளில் போன மகா வீரர்கள் நானும் என் கூட்டாளியும். அதில் ஒரு வீரனுக்கு, அதாவது எனக்கு, சீட்டில் உட்கார்ந்தால் பெடல் எட்டாது.

அக்காவை அங்கே கட்டிக்கொடுத்து நாலு மாசமாகியிருந்தது. அழைப்பில்லாமல் சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கிற வழக்கம் எங்களில் கிடையாது. மகள் முகத்தைப் பார்க்காமல் அம்மா தவித்துப்போனாள். 'நான் இங்கு நலம்' என்று காகிதம் வரும். அதை எந்தத் தாய் நம்புவாள்? ஆள் போகக்கூடாதே தவிர, பலகாரம் போகலாம். பஸ்ஸில் அனுப்பினால் டாப்பில் தூக்கிப்போட்டு நொறுக்கிவிடுவார்கள் என்று நான்தான் ஓதினேன். நம்பிவிட்டாள்.

என் கேரியரில் தேன்குழலும் சீப்புச்சீடையும் நிறைந்த தகர டின். அவன் கேரியரில் வத்தல் மூட்டை, ஹேண்டில்பாரில் ஊறுகாய் ஜாடி. பழைய டியூபை வார் வாராகக் கிழித்து இறுக்கிக் கட்டினோம்.

"மலைப்பாதையில போயிராதீகடா, ரோட்டைச் சுத்திப் போங்க. ஒண்ணுகூட ஒடையக் கூடாது" என்றாள் அம்மா. பிறகு என்னைத் தனியே இழுத்து, "அக்கா எப்படி இருக்கான்னு நல்லாப் பாத்துட்டு வா" என்றாள்.

தலையைத் தலையை ஆட்டினேன். சிங்கம்புணரி தாண்டி மலை தெரிந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. ரோடு சுற்றிப் போனது. வண்டித்தடம் ஒன்று நேரே மலையிடுக்கில் ஏறியது.

"இங்குட்டு ஏறுனா அங்குட்டு சல்லுன்னு இறங்கிறலாம்டா" என்றான் கூட்டாளி.

ஏற்றம் முழுக்கத் தள்ளல்தான். இருவருமாக ஒரு சைக்கிளை மேலே கொண்டுபோய்ச் சாத்திவிட்டு, இறங்கி வந்து அடுத்ததைத் தள்ளினோம். அதற்குள் முதல் சைக்கிளில் குரங்குகள் குடியேறியிருந்தன. கத்தி, கல்லெறிந்து, கடைசியில் கெஞ்சி டின்னை மீட்டோம்.

அப்புறம் இறக்கம். ஐயோ, அந்த இறக்கம்! பிரேக் கட்டை கருகி நாறியது. செருப்புக் காலை முன்டயரில் வைத்து அழுத்திப் பார்த்தேன். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பின்னால் டின் தடதடக்க, "ஒதுங்கு, ஒதுங்கு!" என்று ஆளே இல்லாத காட்டில் அலறிக்கொண்டு இறங்கினோம். அதற்கு முன் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அக்கா டின்னைத் திறந்தாள். உள்ளே தேன்குழல் இல்லை, மாவு இருந்தது. அவள் மாமியாரும் வந்து எட்டிப் பார்த்தார். நான் கூட்டாளியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"ஏத்தா, உங்க வீட்டுல தேன்குழலை இடிச்சுத்தான் அனுப்புவாகளா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டு, அக்கா வாயிலும் திணித்தார். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புரையேறிவிட்டது. மாமியாரும் சிரித்துக்கொண்டே அவள் தலையில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் ரோட்டு வழியே நல்ல பிள்ளைகளாக வீடு திரும்பினோம். டின் சங்கதியை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் அளந்தேன்.

"அக்கா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"மெலிஞ்சிருக்காளா? என்ன சேலை கட்டியிருந்தா?"

நான் எங்கே பார்த்தேன்! கூட்டாளி உதவிக்கு வந்தான். "டின்னைத் தொறந்ததும் சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிருச்சும்மா அக்காவுக்கு."

பாவி, கெடுத்தான். மலைப்பாதை, மாவு, எல்லாம் வெளியே வந்தது. அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

"மாமியா முன்னாடியா சிரிச்சா? அவுகளேவா தலையத் தட்டுனாக?"

"ஆமா."

"திரும்பச் சொல்லு."

மூன்று தடவை சொல்லவைத்தாள். நடுவே நான் இறக்கத்துக்கு வந்தால், "அதை விடுடா, தட்டுனதைச் சொல்லு" என்றாள். அப்பேர்ப்பட்ட இறக்கத்தை விட்டுவிட்டு ஒரு புரையேற்றத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த மாசம் மறுபடி டின் நிறைந்தது. ரோட்டு வழியே பத்திரமாகப் போவதாக நானே முந்திக்கொண்டு சத்தியம் செய்தேன்.

"ஒடைஞ்சா ஒடையட்டும், மலை வழியாவே போங்கடா" என்றாள் அம்மா.

என் சைக்கிள் ஓட்டத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.