மணி அடிக்கிற படிப்பு

பீங்கான் தொழில்நுட்பத்தில் மேற்படிப்புக்காக வெளிநாடு போன நான், அந்தப் பல்கலைக்கழகத்திலேயே மணி அடிக்கவும் பாடம் படிக்கிறேன் என்று தெரிந்ததும், லீவுக்கு வந்த எனக்கு அம்மா சோறு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது கேரிலான். கோபுர உச்சியில் பெரிதும் சிறிதுமாக மணிகள், அவற்றை இயக்கக் கீழே வரிசையாக மரக்கட்டைகள். முஷ்டியை மடக்கிக் குத்தினால் பாட்டு வரும். மனதில் யாரையாவது நினைத்துக்கொண்டு குத்தினால் இன்னும் நன்றாக வரும். தப்பாக அடித்தால் ஊருக்கே கேட்கும் என்பதால், தேர்வில் தேறுகிறவரை கோபுரத்தில் வாசிக்க விடமாட்டார்கள். லீவு முடிந்து போனதும் எனக்குத் தேர்வு.

“கோயில்புள்ள வேலைக்காடி ஏரோப்ளேன் ஏறிப் போன?” என்றாள் அம்மா. எங்கள் பங்குக் கோயிலில் மணி அடிப்பவர்தான் கோயில்பிள்ளை. நல்ல மனிதர், ஆனால் அம்மா எனக்காகக் கண்ட கனவு அவரல்ல. தெருவில் ‘மிசின் படிப்பு’ என்றே சொல்லி வைத்திருந்தாள். அந்த வகுப்பை விட்டுவிடுவதாக மாதா படத்தின் முன்னால் சத்தியம் செய்யச் சொன்னாள். தலைவலி, குளியல், கரண்ட் கட் என்று நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அதற்குள் பழக்கம் விட்டுப்போகக் கூடாதே. பின்கட்டில் கயிறு கட்டி, வீட்டுக் கோப்பைகளைத் தொங்கவிட்டுக் கரண்டிக் காம்பால் தட்டினேன். அம்மா பீங்கான் கம்பெனியில் தரம் பிரிப்பவள். விரலால் சுண்டிப் பார்த்தே கோப்பையின் குணம் சொல்லிவிடுவாள். நல்ல கோப்பைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம்தான் போடும். எங்கள் வீட்டில் இருந்தவையோ விலை குறைத்துக் கொடுத்த செகண்ட்ஸ். ஒன்று தடிப்பு, ஒன்று கோணல், ஆளுக்கொரு சுரம். கழித்துப் போட்ட சரக்கில் எனக்கு முழுப் பாட்டே கிடைத்துவிட்டது, ஒரு சுரம் தவிர. அந்த இடம் வந்தால் வாயாலேயே ‘டிங்’ என்று ஒப்பேற்றினேன்.

“அந்த எடத்துல மட்டும் ஏன்டி கத்துற?” அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்.

“அதுக்குக் கோப்ப இல்லம்மா.”

பாத்திரத்தை ‘ணங்’கென்று வைத்தாள். ஆனால் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள்! எனக்கு உள்ளூரக் குஷி.

மறுநாள் எதிர்வீட்டு அத்தை டீ குடிக்கக் கூப்பிட்டதும் அம்மா போனாள். திரும்பி வந்தவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கோப்பையை எடுத்து வைத்தாள். கம்பெனியில் உடைசல் கோப்பையைக்கூடக் காசு கொடுக்காமல் தொடாதவள்!

“அவங்க வூட்டு டீய வாய்ல வைக்க முடியல. கோப்ப நல்லாருக்குது, தட்டிப் பாரு.”

கயிற்றில் கட்டித் தட்டினேன். நான் தேடிய சுரமேதான். அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனேன். முறைத்தாள், விட்டுவிட்டேன்.

சாயங்காலமே எதிர்வீட்டு அத்தை வந்துவிட்டார். “கோப்ப ஒண்ணு கொறையுதுங்க, இங்க எதுனா...” என்று ஆரம்பித்தவரின் பார்வை கயிற்றில் போய் நின்றது. நான் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். வசமாக மாட்டிக்கொண்டோம்.

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“ஒக்காருங்க அண்ணி. எம்பொண்ணு மணி அடிக்கிற படிப்பு படிக்குது. கோபுரத்து மேல ஏறி அடிக்கப் போவுது. கோப்பைய அப்புறம் தரேன், மொதல்ல கேட்டுட்டுப் போங்க.”