பாட்டு மட்டும் வந்த ஸ்பீக்கர்

ஒரு காலத்தில் அவர் வாயைத் திறந்தால் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து சில்லறையைத் தேடுவான். டிப்போவில் கண்டக்டருக்குப் பெயரே ‘வெண்கலம்’. அந்தத் தொண்டையில்தான் நோய் வந்து உட்கார்ந்தது. டாக்டர்கள் உயிரைக் கொடுத்துவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டார்கள். எழுதிக் காட்டலாமே என்பீர்கள். யாரிடம் காட்டுவது? சர்க்கரை வியாதியில் மனைவிக்குக் கண் போய் வருஷக்கணக்காகிறது. அதனால்தான் மேஜைமேல் அந்தக் கம்ப்யூட்டர். அவர் ஒற்றை விரலால் தட்டுவார். அது ஸ்பீக்கரில் படித்துச் சொல்லும். கொஞ்சலுக்கும் கோபத்துக்கும் அதற்கு ஒரே குரல்தான்.

அன்று காலை பேப்பர் செய்தியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் சொல்லுங்களேன், தூங்கிட்டீங்களா?” என்று அவள் அவசரப்படுத்த, விரல் தடுமாற, சுள்ளென்று வந்துவிட்டது அவருக்கு. ‘நீ இல்லாட்டி நான் நிம்மதியா இருப்பேன்’ என்று தட்டிவிட்டார். பாழாய்ப்போன மெஷின் அதைப் பிசகாமல் சொன்னது. அவள் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மனுஷன் உடனே ‘கோவத்துல சொல்லிட்டேன், மன்னிச்சிடு’ என்று தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார். ம்ஹூம்.

“சொல்றதுக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க. எனக்குக் கண்ணுதான் இல்ல, காது இருக்கு,” என்றாள் உள்ளேயிருந்து.

டிக்கெட் சோதிப்பதுபோல ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார். சத்தத்தைக் கூட்டினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். மெஷினை நிறுத்தி மறுபடி போட்டார். ஸ்பீக்கர்தான் செத்துவிட்டதோ என்று அதன் ஒயரைப் பழைய ரேடியோவில் செருகி, அதைத் திருகினார். ஐயோ, வீடே அதிரக் கிளம்பியது ஒரு குத்துப்பாட்டு! பதறிப்போய் அணைத்தார்.

“நான் இன்னும் படி தாண்டலை, அதுக்குள்ள பாட்டா!” என்றாள் அவள். தம்பிக்குப் போன் போட்டாள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். உதறினாள். என்ன செய்வார்? மெஷினிடமே திரும்பி வந்தார். மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, சவுண்ட் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டிப் போட்டார். ஒலிக்கருவி எதுவும் இல்லை என்றது திரை. ஸ்பீக்கரும் நன்றாக இருக்கிறது, மெஷினும் நன்றாக இருக்கிறது, நடுவில் உள்ளங்கை அகலக் கார்டு மண்டையைப் போட்டுவிட்டது. கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்? புதுசு வாங்கக் கிளம்புவதற்குள் தம்பியின் கார் வாசலில் வந்து நின்றது.

ஒரு தாளில் கிறுக்கி அவன் கையில் திணித்தார்.

“‘கோவத்துல சொல்லிட்டேன், மன்னிச்சிடு. சவுண்ட் கார்டு போயிடுச்சு, பேச முடியலை’ன்னு அத்தான் எழுதியிருக்காருக்கா,” என்று தம்பி படித்தான்.

“நீ ஒண்ணும் அவருக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத. இப்பத்தானே பாட்டு அலறிச்சு? அதுக்கு மட்டும் வாய் எங்கேருந்து வந்துச்சு?”

அது ரேடியோடீ, ஸ்பீக்கரைச் சோதித்தேன்டீ என்று கத்த வேண்டும்போல இருந்தது. எழுதினால் மறுபடி தம்பி பரிகிறான் என்பாள். பேனாவைப் போட்டுவிட்டு, கார்டைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். கீழே கிடந்த ரேடியோவையும் ஒயரையும் தம்பி பார்த்துவிட்டான்.

“நெசம்தான்க்கா. பாட்டு ரேடியோவுல வந்திருக்கு. கெட்டுப்போனது இந்தக் கார்டுதான். இது இல்லாம அது பேசாது.”

அவள் விரலால் அதன் ஓரங்களைத் தடவிப் பார்த்தாள்.

“இதுவா உங்க வாயி?”

அவள் கையை அழுத்தினார். அவள் முகம் இளகியது. அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்தார். அவள் மேஜையைத் தடவி, கார்டை விழாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

“இது கெட்டுப்போனதுக்கு நான் கோவிச்சுக்கலைங்க. நல்லா இருந்தப்ப சொன்னீங்களே, அதுக்குத்தான் போறேன்.”

தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வெண்கலம் வாசலில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார்.