பூங்கனி பின்னிய தும்பி

நெய்யூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சர்ச்சு வளாகத்தில் ரேந்தை என்கிற லேஸ் பின்னும் அறையில் பூங்கனிக்கு ஜன்னலோரமாக ஓர் இடம் இருந்தது. மடியில் உருளைத் தலையணை. அதன்மேல் துளையிட்ட மாதிரி அட்டை, அட்டை நிறையக் குண்டூசிகள். நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை அவள் மாற்றி மாற்றிப் போட்டால் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். கணவன் ஏசுஅடிமை பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தபின் அந்த இடம்தான் அவர்கள் வீட்டு அடுப்பை எரித்தது.

1931இல் அதற்கும் ஆபத்து வந்தது. பழைய பூ மாதிரிகளைச் சீமையில் யாரும் கேட்பதில்லை, புதிதாக ஒன்று கொண்டுவருகிறவர்களுக்குத்தான் இனி வேலை என்று மேற்பார்வை பார்க்கும் லீலாபாய் சொல்லிவிட்டாள்.

பூங்கனிக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் மத்தியானம் ஜன்னல் படியில் ஒரு தும்பி செத்துக் கிடந்தது. ரேந்தையில் பிசகு தேட வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து அதன்மேல் பிடித்தாள். அப்படியே நின்றுவிட்டாள். சிறகா அது! கண்ணி கண்ணியாக, ஒன்றைப்போல் ஒன்றில்லாமல், எங்கேயும் முடிச்சே தெரியாத ரேந்தை. நுனிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வேறு.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். வண்ணத்துப்பூச்சியின் சிறகில் ஓடு வேய்ந்ததுபோல் வரிவரியாகச் செதில். தேனீயின் முன்சிறகையும் பின்சிறகையும் கோத்துப் பிடிக்கப் பொடிப்பொடிக் கொக்கிகள். பொன்வண்டின் மூடிக்குள் மடித்து வைத்த மெல்லிய துணி. ஈக்கு இரண்டே சிறகு. பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல இரண்டு மொட்டு. பக்கத்தில் இருந்த ராஜபாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, பூங்கனி ஈக்குச் சட்டை தைக்கப் போகிறாள் என்று அறை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

பூங்கனி தும்பியைத்தான் எடுத்துக்கொண்டாள். முன்சிறகு ஒன்றைப் பார்த்துப் பெரிதாக வரைந்து அட்டையில் துளையிட்டாள். ஒரு இதழுக்கு அட்டை போட்டால் அதையே திருப்பிப் போட்டு எல்லா இதழையும் பின்னுவது அந்த அறையின் வழக்கம். சிறகுகளையும் அப்படியே பின்னினாள். நான்கையும் உடம்போடு சேர்த்துக் கொண்டுபோய் வைத்தபோது, மறுநாள் சீமைக்குப் போகும் பெட்டி பாதி நிறைந்திருந்தது.

லீலாபாய் செத்த தும்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது தும்பி இல்லட்டி. தும்பிக்குப் பின்சிறகு எம்புட்டு அகலம், பாத்தியா? நீ நாலையும் ஒண்ணுபோல ஒல்லியாட்டு வச்சிருக்க."

பார்த்தாள். உண்மைதான். இத்தனை நாள் கண்ணாடி பிடித்தும் பின்சிறகைப் பார்க்கத் தோன்றவில்லை. திரும்பப் பின்ன நேரமும் இல்லை. அழுகை வந்தது. முகம் கழுவ வளாகத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்குப் போனாள்.

குனிந்த இடத்தில், கோரைப்புல் நுனியில், ஈர்க்கு மாதிரி ஒரு ஊசித்தும்பி இருந்தது. சிறகை முதுகுமேல் கூப்பி வைத்திருந்தது. பூங்கனி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் அதைப் பிடித்தாள். மெதுவாகச் சிறகைப் பிரித்தாள். நான்கும் ஒரே அளவு, நான்கும் ஒல்லி!

ஈரக் கையோடு ஓடிவந்து, பூதக்கண்ணாடியை லீலாபாயின் கையில் கொடுத்தாள்.

"அக்கா, நான் செஞ்சது இதையாக்கும். எனக்கே தெரியல்ல."

லீலாபாய் வெகுநேரம் பார்த்தாள். ரேந்தையைப் பார்த்தாள், பூச்சியைப் பார்த்தாள், மறுபடியும் ரேந்தையைப் பார்த்தாள்.

"உடம்பு தடியாட்டு இருக்கு. அதை அவுத்துட்டு ஒல்லியாட்டு ஒண்ணு வச்சுத் தா. பெட்டியில போடலாம்," என்றாள். பிறகு, தும்பிக்கு முன்சிறகுக்கு ஒன்று, பின்சிறகுக்கு ஒன்று என்று இரண்டு அட்டையாகப் போட்டு அடுத்த பெட்டிக்குத் தரும்படி சொன்னாள்.

பூங்கனி ஊசித்தும்பியை ஜன்னல் வழியே பறக்கவிட்டாள்.

அன்றைக்கு வீட்டு ஜெபம் நீண்டுகொண்டே போனது. தும்பிக்காக, ஊசித்தும்பிக்காக, தேனீக்காக, வண்டுக்காக என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கர்த்தருக்கு நன்றி செலுத்திக்கொண்டிருந்தாள். படுத்தவாக்கில் கண் மூடியிருந்த ஏசுஅடிமை பொறுத்துப் பார்த்தான்.

"கஞ்சி ஆறுது பிள்ள. பின்ன, கொசுவுக்கும் தோத்திரம் உண்டுமா?"

"உண்டும். அதுக்க சிறகு ஓரத்துல குஞ்சம் வச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு, பூங்கனி அதற்கும் சேர்த்து நன்றி சொல்லி ஆமென் போட்டாள்.