சிவப்பில் எழுதிய வரி

காலை ஏழு மணி ரயிலில் விழுப்புரத்தில் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். விருத்தாசலம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். பூங்காக்களில் செடிகொடிகளைப் பற்றி எழுதி வைத்திருக்கும் பலகைகளைப் பராமரிப்பது என் பிழைப்பு. விருத்தாசலத்தில் ஒரு சிறு பூங்காவின் தகரப் பலகையைக் கழற்றிவிட்டுப் பீங்கான் பலகை மாட்டச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டரைக்குச் செராமிக் பட்டறையில் இருந்தேன். கொலு பொம்மைகளும் ஃப்யூஸ் கட்டைகளும் ஒரே பலகையில் காய்ந்துகொண்டிருந்தன. பட்டறைக்கார அம்மா நான் சொல்லி வைத்திருந்த பீங்கான் பலகையைத் துடைத்துக் கொடுத்தார். விலை ஆயிரத்து எண்ணூறு. “எச்சரிக்கையைச் சிவப்புல கேட்டீங்க. எங்க சூளைச் சூட்டுல சிவப்பு நிக்காதுங்க. கறுப்புலயே போட்டுட்டேன்.”

‘காட்டாமணக்கு. விதை நஞ்சு. தின்னக் கூடாது.’

ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். மடியிலிருந்த பலகையை டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“அந்த போர்டா சார்? எங்க தெரு மல்லிகாவோட பொண்ணு, ஒம்பது வயசு, அந்தக் கொட்டையத் தின்னுட்டு ஆஸ்பத்திரில கெடந்துச்சு. எண்ணெய்ச் சத்து இருக்குதுன்னு போர்டுல படிச்சுதாம், வேர்க்கடலை மாதிரின்னு நெனச்சுடுச்சு. பொழச்சுக்கிச்சு. பார்க் கூட்டுற சரசுதான் தேச்சுத் தேச்சே கீழ இருந்த எச்சரிக்கைய அழிச்சுட்டாங்க. அவங்கள வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க.”

பூங்காவில் பலகையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. மேலே சிறு கூரை. அதன் நிழலில் ‘காட்டாமணக்கு’ என்ற தலைப்பு சிவப்பில் பளிச்சென்று இருந்தது. வெயில் படும் பாதியில் ‘விதையில் எண்ணெய்ச் சத்து மிகுதி’ என்ற கறுப்பு வரி மட்டும். அதற்குக் கீழே, சிவப்பில் எச்சரிக்கை இருந்த இடத்தில், வெறும் வெள்ளை. துணி இரண்டு பாதியையும்தான் துடைத்திருக்கிறது. சிவப்பைத் தின்றது வெயில். சரசு மேல் தப்பே இல்லை.

பூங்காப் பொறுப்பாளருக்குப் போன் செய்து சொன்னேன். “பார்க்கலாம்” என்றார். அவர் பார்க்கமாட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. பழைய பலகையைக் கழற்றிக்கொண்டு, பின்தெருவில் சரசுவின் வீட்டைத் தேடிப் போனேன்.

நான் விளக்கியதும் சரசு பலகையின் சிவப்புத் தலைப்பைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “நான்தான் அழுந்தத் தொடச்சுட்டேனோன்னு தூக்கமே இல்லீங்க. மல்லிகா அக்காகிட்ட இதச் சொல்றீங்களா? பக்கத்து வூடுதான். நாலு மாசமா பேச்சே இல்ல.”

எனக்கு ஒரே உற்சாகம். பலகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மல்லிகா வாசலில் நின்றே கேட்டார். பலகையை இரண்டு தரம் பார்த்தார். “சரி, வெயிலுதான். ஒத்துக்கறேன்” என்றவர் சரசுவின் பக்கம் திரும்பினார். “தெனம் தொடச்சியே சரசு, அந்த வரி போனது உன் கண்ணுல படவே இல்லியா?”

“தெனம் தொடைக்கறத யாருக்கா படிக்கறாங்க” என்றார் சரசு மெதுவாக. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

இல்லாத பழியைத் துடைக்கப் போய் இருக்கிற பழியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். சும்மா பலகையை மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். பூங்காவுக்குத் திரும்பிப் புதிய பலகைக்கு ஆணி அடித்தேன்.

மாலை ரயிலில் எங்கள் ஊர்ப் பலகைகளை நினைத்துப் பார்த்தேன். வாராவாரம் துடைக்கிறேன், திருகாணி முடுக்குகிறேன். எதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. விழுப்புரத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் பூங்காவுக்குப் போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது.

முதல் பலகையில் ‘அரளி’ என்று இருந்தது. அதன் கீழே வெறும் வெள்ளை.