சாவியை ஆனில் வைத்துப் பாட்டுக் கேட்ட மேதை

மூன்று வீடியோ பார்த்தால் மெக்கானிக் ஆகிவிடலாம் என்று நம்பும் மேதைகளில் என் கணவரும் ஒருவர். எங்கள் பழைய அம்பாசடரில் இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் பாயிண்டைக் கழற்றிக் குப்பையில் வீசினார். அதற்குப் பதிலாக ஆன்லைனில் வாங்கிய எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பொருத்தினார். அதோடு வந்த குறிப்புத் தாளில் கை கிரீஸைத் துடைத்தார். பாயிண்டை நான் பொறுக்கி, ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு காரிலேயே வைத்தேன்.

மறுநாள் கடம்பூர் போகும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. இன்ஜினை நிறுத்திய மேதை, சாவியை மறுபடி ஆனில் திருப்பி, கேட் திறக்கும்வரை பாட்டுக் கேட்டார். பிறகு வண்டி கிளம்பியது. தண்டவாளத்தில் ஏறியதும் நின்றுவிட்டது.

"அடுத்த ரயில் வருது, தள்ளுங்க அண்ணாச்சி!" என்று கேட்கீப்பர் கத்தினார்.

"எலக்ட்ரானிக்லா இது, இப்ப எடுத்துரும்" என்று இவர் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"வாய மூடிட்டு ஸ்டியரிங்கப் பிடிங்க!" என்று இறங்கினேன். பின்னால் நின்ற மினிபஸ் ஆட்களோடு சேர்ந்து காரை அந்தப் பக்கம் தள்ளினேன். காரை ஓரம் கட்டுமுன் ரயில் கடந்தது.

போன் செய்ததும் கோவில்பட்டியிலிருந்து வந்த மெக்கானிக், எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கழற்றிவிட்டு, நான் எடுத்துக் கொடுத்த பாயிண்டை அந்தத் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்திலேயே தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினார். வண்டி உடனே கிளம்பியது.

"இன்ஜின் ஓடாதப்ப சாவி ஆன்ல இருந்தா இந்த எலக்ட்ரானிக் வெந்துரும். தாள்ல போட்டிருக்குமே, படிக்கலியா?" என்று கேட்டார். இவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

இப்போது எந்தப் பொருள் வாங்கினாலும், அதன் குறிப்புத் தாளை நான் படித்த பிறகே வீட்டில் அது பொருத்தப்படுகிறது. கார் சாவியும் என்னிடம்தான். மேதை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறார்.